துக்கத்தில் இருப்பவர்கள்

அந்த அடுக்ககத்தின் கதவுகளுக்கு மனிதர்களில் இரண்டே நிலைதான் தெரியும்: குடியிருப்பவர், வெளியூர் போனவர். கதவுகளை இயக்கும் கணினியின் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் பிரபாவதிதான் இரக்கப்பட்டு மூன்றாவதாகத் ‘துக்கம்’ என்று ஒன்றைச் சேர்த்தாள். சாவு விழுந்த வீட்டை விளம்பரமும் அழைப்பும் வந்து பிடுங்கக் கூடாது என்பது அவள் எண்ணம்.

இன்று காலை அவள் அண்ணன் போய்விட்டான். உடன் வேலை பார்க்கும் அஸ்லம் அவளைத் துக்கத்துக்கு மாற்றிவிட்டு, அழைத்துப்போகக் காரோடு வந்து வாசலில் நின்றான். உள்ளே இருந்த அவளுக்குக் கதவு திறக்கவில்லை. போனும் செத்துக் கிடந்தது.

“அஸ்லம், என்னைப் பழையபடி மாத்துப்பா! மதியத்துக்குள்ள அண்ணனை எடுத்துருவாங்க!”

“மாத்தலாம்னுதான் தேடுறேன்க்கா. உங்க பேரே வர மாட்டேங்குது.”

“துக்கம்னு போட்டுத் தேடு.”

“அப்படி ஒரு நிலையே இல்லைங்குது.”

நிலையைச் சேர்த்தவள், தேடலில் அதைச் சேர்க்க மறந்திருந்தாள். இனி சேர்க்கவும் அவள் பெயரால்தான் கணினிக்குள் நுழைய வேண்டும்.

“செக்யூரிட்டி மெஷினைக் கதவை உடைக்கச் சொல்லு!”

“சொல்லிட்டேன்க்கா. காலி வீட்டை உடைக்க முடியாதுங்குது.”

பிரபாவதி கதவை ஓங்கி ஓங்கி அறைந்தாள். கை ஓய்ந்தபோது, கீழ்வீட்டிலிருந்து அதே சத்தம் மெலிதாகக் கேட்டது. புருஷனைப் பறிகொடுத்த கோமதியின் வீடு அது. அடக்கம் முடிந்து சொந்தபந்தம் கலைந்த அன்றைக்கே அவளைத் துக்கத்தில் போட்டது பிரபாவதிதான். அந்தச் சத்தத்தைக் கேட்டு இத்தனை நாளும், பாவம், மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள் என்றே அவள் நினைத்திருந்தாள்.