ஆட்சேபணை இல்லை

தகரக் கூரையைப் பிரித்துக் கீழே போட்டபோது, ஃபெபி மிட்டாய் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

காலை ஓட்டத்துக்காகப் பூங்காவுக்கு வந்தவள். வாசலில் ஜேசிபி நிற்பதைப் பார்த்ததும் நேராகக் கடைக்குள் போய், கையில் கிடைத்ததை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை.

“நீயாவது வந்தியே, பிள்ள” என்றாள் சந்தனமாரி.

பூங்காவின் மூலையில், வாய்க்கால் ஓரமாக இருந்த அந்தப் பெட்டிக்கடை அவளுடையது. நடக்க வருகிறவர்களுக்கு சுக்குக் காப்பி, பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய். ஓடி முடித்து வரும் ஃபெபிக்குத் தண்ணீர். அதற்கு மட்டும் காசு வாங்க மாட்டாள்.

ஃபெபி அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஜாடியை எடுத்தாள்.

எல்லாம் ஒரு டப்பாவால் வந்தது.

பெங்களூரில் வேலை பார்த்தபோது ஃபெபி பழகிய விளையாட்டு அது. ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, இடத்தை இணையத்தில் குறித்துவிட வேண்டும். யார் யாரோ செல்போனைப் பார்த்துத் தேடி வருவார்கள். கண்டுபிடித்தால், உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான். ஜியோகேச்சிங் என்று பெயர்.

வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றானதும் பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டாள். இந்தப் பூங்காவில் அப்படி ஒரு டப்பா வைக்க ஆசைப்பட்டாள்.

இடத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது விதி. பலர் வாங்குவதில்லை. ஃபெபி மாநகராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தாள். எதையும் முறைப்படி செய்கிறவள் என்று தன்னைப் பற்றி அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

சோப்பு டப்பா அளவுப் பெட்டிக்காக ஒரு ஃபைல் மேசை மேசையாக நகர்ந்தது. இடம் பூங்காவைச் சேர்ந்ததா, வாய்க்கால் புறம்போக்கா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் வரைபடம் கேட்டார். கடைசியில் சர்வேயர் வந்தார். வந்தவர் டப்பா வைக்கும் இடத்தோடு நிறுத்தவில்லை. பூங்கா முழுவதையும் அளந்தார்.

அடுத்த வாரம் கடையின் பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆக்கிரமிப்பு என்று.

அன்றே சந்தனமாரியிடம் சொல்லியிருக்கலாம். ஃபெபி அந்த வாரம் முழுக்க மைதானத்துப் பக்கம் போய் ஓடினாள்.

“ஜாடி எதையும் ஒடச்சிராதீங்கலே, பைய” என்று ஆட்களிடம் சத்தம் போட்டபடி மாநகராட்சி மேற்பார்வையாளர் ஐயம்பெருமாள் வந்தார். மோசமான மனிதர் இல்லை. சாமான்களை எடுக்க அரைமணி நேரம் கூடுதலாகக் கொடுத்தவர்.

ஃபெபியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“மேடம், நீங்க இங்கனதான் நிக்கீங்களா? உங்க பெர்மிஷன் ஆர்டர் ரெடியாயிட்டு. ஆபீசுக்கு வந்து வாங்கிக்கிடுங்க.”

சந்தனமாரி திரும்பினாள்.

ஃபெபி அடுத்த ஜாடிக்காகக் குனிந்தாள். இப்போது கேட்பாள். என்ன பெர்மிஷன், எதற்கு, எப்போது கொடுத்தாய். கேட்டுவிட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

“ஏ பிள்ள, ஒனக்கு ஆபீஸ்ல ஆள் பழக்கமா?” சந்தனமாரி ஜாடியைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பம் எனக்கு ஒரு மனு எழுதித் தாயேன். பார்க் கேட்டுக்கு வெளிய ஓரமா ஒரு எடம் குடுத்தாப் போதும்.”

ஐயம்பெருமாளே தன் ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தார்.

கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல் வைத்து ஃபெபி எழுதினாள். சந்தனமாரியின் முழுப் பெயர், புருஷன் பெயர், கதவு எண், கடை போட்ட வருஷம். ஒன்றையும் கேட்கவில்லை.

“எல்லாத்தையும் எப்படித்தான் ஞாவகம் வச்சிருக்கியோ!” என்றாள் சந்தனமாரி.

ஃபெபி நிமிரவில்லை. மூன்றாவது பத்தியில் மட்டும் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு மளமளவென்று எழுதி முடித்தாள்.

“படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கக்கா.”

“நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்.”

போட்டுவிட்டாள்.

போன மாதமும் அவள் அப்படித்தான் போட்டாள். டப்பா வைப்பதற்கு அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும் என அலுவலகத்தில் சொன்னார்கள். ஃபெபிதான் எழுதிக்கொண்டு வந்தாள். “இப்பூங்காவிற்குள் பதினான்கு ஆண்டுகளாகக் கடை நடத்திவரும் நான்” என்று தொடங்கியிருந்தாள். வெறும் பெயரை மட்டும் எழுதினால் எடுபடாது, கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று நினைத்து.

சர்வேயர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் அளக்க வந்தார்.

இன்றைய மனுவின் மூன்றாவது பத்தியில் இது எல்லாவற்றையும் ஃபெபி எழுதியிருந்தாள். வாயால் சொல்ல வரவில்லை. படித்தாவது தெரிந்துகொள்ளட்டும் என்று.

சந்தனமாரி மனுவை நான்காக மடித்து மணிபர்ஸில் வைத்தாள். சாமான்களை ஏற்றிய லோடு ஆட்டோவின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஆபீசுக்குப் போய்விட்டு வந்து என்ன சொன்னார்கள் என்று சொல்வதாகச் சொன்னாள்.

ஃபெபி தலையாட்டினாள்.