மங்கலான வளைகாப்பு

கணினிப் பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

மேசை மின்விசிறியை அதன் திறந்த விலாவுக்கு நேராகத் திருப்பினாள்.

வாயிற்படியில் நின்றிருந்த மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, பெட்டிக்குக் காத்தாடி, புள்ளத்தாச்சிக்கு வேர்வையா? நல்லா இருக்குட்டி ஒன் நியாயம்!"

"அது சூடானா வேலை ஓடாது அத்த. நான் சூடானாத்தான் ஓடும்."

மாமியார் உள்ளே போனார். பழைய நாட்காட்டியின் அட்டையோடு திரும்பி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, மருமகளுக்கு விசிறத் தொடங்கினார்.

அவள் கணவன் இசக்கிராஜ் கொழும்புத் துறைமுகத்தில் இருந்தான். சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலை. இன்று மாலை கப்பல் பிரேசிலை நோக்கிப் புறப்படும். கரையின் சிக்னல் அறுந்துவிட்டால், மறுகரை தெரியும்வரை செய்தி இல்லை.

அவளுக்கு இது ஒன்பதாம் மாதம்.

நேற்று நடந்த வளைகாப்பை அவன் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

அவளுக்கு வேண்டியது அவ்வளவே.

கணினி, அவன் கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கியது. கேமராவோ அவள் அண்ணனுடையது, புத்தம் புதிது. அதன் பதிவுகளைச் சுமக்கும் வலு இந்தப் பெட்டிக்கு இல்லை. திரையில் பெண்கள் ஓர் அடி எடுத்து வைத்தார்கள், உறைந்து நின்றார்கள், பிறகு திடீரென்று மணைக்கு அருகில் இருந்தார்கள்.

ஆகவே காலையிலேயே ஒவ்வொரு பதிவுக்கும் எடை குறைந்த நகல் ஒன்றை உண்டாக்கிக்கொண்டாள். வெட்டுவதும் ஒட்டுவதும் அந்த நகல்களில். எல்லாம் முடிந்தபின் மூலப் பதிவுகளுக்கு மாற்றிவிட்டால், படம் முழுத் தெளிவோடு உருவாகும். இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டது.

விசைப்பலகையில் விரல் படும்போதெல்லாம் கண்ணாடி வளையல்கள் குலுங்கின. பேறு முடியும்வரை அவற்றைக் கழற்றக் கூடாது.

திறந்து கிடந்த மற்ற நிரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

படத்தைச் சுற்றிச் சுழன்று வரும் இதய வடிவச் சட்டத்தை நீக்கினாள்.

மேலிருந்து சொரியும் ரோஜா இதழ்களை நீக்கப் போனாள்.

"பூவாவது இருக்கட்டும்ட்டி. மங்கலமா இருக்கும்."

"ஒவ்வொரு பூவையும் இது கணக்குப் போட்டு வரையணும் அத்த. பூ விழுந்து முடியறதுக்குள்ள கப்பல் போயிரும்."

மாமியார் பூவை விட்டுக்கொடுத்தார்.

படத்தை உருவாக்கும் பொத்தானை அழுத்தினாள்.

பச்சைக் கோடு நகர்ந்தது. எப்போதும் ஊர்ந்தே பழகிய கோடு, இன்று ஓடியது. இருவரும் அதையே பார்த்திருந்தார்கள்.

"பாத்தியா? எல்லாம் என் காத்தாடி செஞ்ச வேலை!"

சற்றுமுன் அதை வைத ஞாபகம் மாமியாருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கோடு முடிந்தது. படத்தை ஓடவிட்டாள்.

முதலில் வந்தவர் கோமதிச் சித்தி. குனிந்து சந்தனம் பூசினார். அவருக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. நீரில் கரைந்த வண்ணம்போல ஒரு முகம்.

"ஏட்டி, இது நம்ம கோமதியா? அவ மூஞ்சிய யாரு அழிச்சா?"

அவள் கோப்புகளின் பட்டியலைத் திறந்து பார்த்தாள்.

மூலப் பதிவுகளுக்கு மாற்றவில்லை. மறந்துவிட்டாள். நகல்களையே கணினி பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறது. அந்த வேகம் முழுவதும் அதனால் வந்தது.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கலாம். முடிவதற்குள் கப்பல் நடுக்கடலில் இருக்கும்.

கைப்பேசி அதிர்ந்தது. அவன்தான்.

'கயிறு அவுக்கப் போறாவ. நான் கீழ எஞ்சின் ரூமுக்கு எறங்கணும். படம் எங்க?'

அவள் மாமியாரைப் பார்த்தாள்.

மாமியார் திரையைப் பார்த்தார். முகமில்லாத பெண்கள் வரிசையாக வந்து, முகமில்லாத ஒருத்திக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"அனுப்புட்டி. அவனுக்கு நம்மளத் தெரியாதாக்கும்!"

அனுப்பினாள். தெளிவு குறைந்த படம். ஆகையால் கனமும் இல்லை. அவள் மூச்சை விடுவதற்குள் போய்ச் சேர்ந்தது.

பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறிகள்.

பிறகு ஒன்றும் இல்லை.

அட்டை விசிறுவது எப்போது நின்றது என்று இருவருமே கவனிக்கவில்லை.

ஒரு புகைப்படம் வந்தது.

கப்பலின் உணவுக்கூடம். சுவரில் பெரிய தொலைக்காட்சி. அதில் அவள் அனுப்பிய படத்தை அவன் ஓரிடத்தில் நிறுத்தி வைத்திருந்தான். சந்தனம் பூசிய ஒருத்தி எழுந்து போய், அடுத்தவள் இன்னும் வந்து சேராத இடம். வெட்டி எறிந்திருக்க வேண்டிய பகுதி; அதையும் மறந்திருக்கிறாள்.

அங்கே அவள் தனியே அமர்ந்திருந்தாள், இரு கைகளையும் முன்னே நீட்டியபடி.

எதிரே யாரும் இல்லை.

திரையின்மேல், அவள் கன்னம் இருக்கும் இடத்தில், ஓர் ஆண்கை. நகக்கண்களில் இயந்திர எண்ணெயின் கறுப்பு. விரல்நுனிகளில் ஈர மஞ்சள்.

மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார்.

"கப்பல்ல ஏதுட்டி சந்தனம்?"

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கையின் பின்னால், மேசையில், பாதி உண்ட தட்டு ஒன்று தெரிந்தது.

"சந்தனம் இல்ல அத்த. பருப்பு."

சொல்லிவிட்டுத் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.