டென்மார்க் கடிதத்துக்குப் பதில்

டென்மார்க்கிலிருந்து வந்த கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று சேரப்பணஞ்சேரி ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர் தமிழ்வாணனுக்கு விளங்கவில்லை. எழுதியவர் அவருடைய பேனா நண்பர், அவரும் ஆசிரியர்தான்.

"எங்கள் பள்ளியில் பத்துப் பேரில் நான் ஒருவன்தான் ஆண். உங்கள் பள்ளியில் ஐந்து ஆசிரியர்களில் நால்வர் ஆண்கள் என்கிறீர்கள். சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இத்தனை ஆண்களை எப்படி வரவழைத்தீர்கள்? எங்களுக்கும் வழி சொல்லுங்கள்."

தபால்தலையில் பனி பெய்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்த தமிழ்வாணன் மெல்ல அந்தப் பனிக்குள் போய்விட்டார். அங்கே ஒரு மேடை. அவர் வழி சொல்கிறார்; வெள்ளைக்காரர்கள் குறிப்பெடுக்கிறார்கள். 'எங்கள் ஊர் ஆண்களுக்குப் பிள்ளைகள் என்றால் உயிர்' என்று முதல் வரியை எழுதியும் விட்டார்.

"சார்."

மஞ்சுளா டீச்சர். திங்கட்கிழமைதான் வேலையில் சேர்ந்தவர். அந்த ஐந்தாவது இடத்துக்கு இந்த வருஷம் வந்த மூன்றாவது பெண். கையில் மாறுதல் விண்ணப்பம்.

"இன்னா டீச்சர், நாலே நாள்லயா? பசங்க படுத்துறாங்களா?"

"பசங்க தங்கம் சார்."

"பஸ் கஷ்டமா?"

"இல்ல சார்." அவர் தரையைப் பார்த்தார். "வூட்ட வுட்டுக் கெளம்பினா, திரும்பிப் போற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்ல."

"ஏன், பானை நெறைய தண்ணி கீதே?"

"குடிச்சா எங்க சார் போறது? நீங்கள்லாம் ஏரிக்கரைக்குப் போய்டுறீங்க."

தமிழ்வாணன் பனியை விட்டு வெளியே வந்தார்.

"இத ஒரு வாரம் பையிலயே வெச்சிருங்க டீச்சர்."

எழுதியதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினார்:

"நண்பரே, எங்களிடம் வழி எதுவும் இல்லை. பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் ஆண்கள் மட்டும் மிஞ்சினோம். சுற்றுச்சுவருக்கு வந்த செங்கல்லில் நாளைக்கே கழிப்பறை கட்டத் தொடங்குகிறோம். கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு."