அஞ்சு நிமிஷத்துல என்னத்தைப் பேச?

டெஸ்டிங் பிரிவுக்காரிக்கு நான் வைத்த பெயர் நச்சரிப்பு. என் புரோகிராமைச் சோதிக்கும்போது அது ஓடி முடிய அரை மணி ஆகும். அதுவரை என் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உயிரை எடுப்பாள்.

"ஆமைகூட இதைவிட வேகமா போகும். இதெல்லாம் ஒரு புரோகிராமா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எந்த பிராசஸரிலும் ஓடும்படி இருந்ததை, எங்கள் மெஷினின் பிராசஸருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் மறுபடி கம்பைல் செய்தேன், அதாவது மெஷின் மொழிக்கு மாற்றினேன். அரை மணி, ஐந்து நிமிடமானது.

மேனேஜர் முதுகில் தட்டினார். அவள் "ம்" என்றதோடு சரி. அப்புறம் என் பக்கமே வரவில்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கை வேலையில் இருந்தாலும் கண் அந்தக் காலி நாற்காலிக்கே போனது.

திங்கட்கிழமை புரோகிராம் பழையபடி ஊர்ந்தது. கம்பைலர் செட்டிங்ஸில் அந்த வேகத்துக்காக நான் போட்டிருந்த பிராசஸர் பெயரை யாரோ எடுத்திருந்தார்கள். கொதித்துப்போய் எழுந்தேன். எதிரே அவள், நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சு நிமிஷத்துல என்னத்தைப் பேச முடியும்?"

அதற்குள் மேனேஜர் பாய்ந்து வந்தார். "எவன்யா இதுல கை வச்சது?"

"நான்தான் சார்" என்றேன். "சரிபண்ண ரொம்ப நாளாகும்."