விட்டுவிட்டு எரியும் விளக்கு

சுங்கை லாலாங் தோட்டத்து டேவானில், அதான் பொது மண்டபத்தில், தொழிலாளர் கூட்டம். மேசை நடுவில், கம்பெனி அதிகாரி ரவிச்சந்திரன் கொண்டுவந்த கையடக்க ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. "நீங்க பேசுறது எல்லாம் இதுல பதிவாகுது, பயப்படாம பேசுங்க" என்கிறார். சிவப்பு விளக்கு நின்று எரிகிறது. சின்னத் திரையில் எண்கள் ஓடுகின்றன. கம்பெனி எங்கள் வீடுகளை உடைத்தால் நாங்கள் எங்கே போவது என்று பிரேமாவதி அக்கா கேட்கிறார். அதிகாரியின் கட்டைவிரல், தாளம் போடுவதுபோல மேசைமேல் நகர்ந்து வந்து ஒரு பொத்தானை அழுத்துகிறது. விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, எண்கள் நின்றுவிடுகின்றன. அப்புறம்தான் அவர் வாயைத் திறக்கிறார். "புது வீடு கட்டிக் குடுக்காம ஒரு பலகையக்கூட கழட்ட மாட்டோம்லா." பின்வரிசையில் கைதட்டுகிறார்கள். நான் விளக்கையும் அவர் விரலையும் பார்க்கிறேன். இத்தனை பேர் கண்ணெதிரில், சிரித்த முகத்தோடு செய்கிறான் மனுஷன். நாங்கள் கேட்டது பதிவாகலாம், அவன் கொடுத்த வாக்கு பதிவாகக் கூடாதாம். அக்காவும் பார்த்துவிட்டார். எழுந்து போய், வியர்த்த விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு அதே பொத்தானை அழுத்துகிறார். விளக்கு மறுபடி நின்று எரிகிறது. "சார், இப்ப சொன்னத திரும்பச் சொல்லுங்க." அதிகாரி தண்ணீர் போத்தலைத் திறக்கிறார், குடிக்காமலே மூடுகிறார். "அதான் சொல்லிட்டேனே அக்கா." "எங்ககிட்ட சொன்னீங்க சார். இதுகிட்ட சொல்லுங்க." கைதட்டியவர்கள்கூட இப்போது அவர் வாயைத்தான் பார்க்கிறார்கள். எண்கள் ஓடுகின்றன. தலைக்குமேல் காற்றாடி கடகடப்பது மட்டும் பதிவாகிக்கொண்டே இருக்கிறது.