பாட்டுக்கு விளக்கம்

தன்னாமுனையில், போதைப் பழக்கத்தை விட வந்தவர்கள் தங்கியிருக்கும் இல்லத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆலோசகர் நல்லரத்தினம் கைபேசியைப் பார்த்து ஒரு பாட்டை வாசித்தார்.

"மயக்கமே உனக்கு உறவாச்சு,
மனசில எனக்கு இடம்போச்சு."

"சுலோஜனா ரீச்சர், நீங்க தமிழ் படிப்பிக்கிறவங்க. இதுக்கு விளக்கம் சொல்லுங்க."

வகுப்பறையில் நிற்பதுபோல் சுலோஜனாவுக்கு உற்சாகம் வந்தது.

"இது ஒரு தாய் பாடுறது. மகன் தூளுக்கு அடிமையாகி, பெத்தவளையே மறந்திட்டான். அந்த ஏக்கம்தான் பாட்டு."

தூளை விட வந்து பக்கத்திலிருந்த இளைஞன் றவூப் தலையைக் குனிந்துகொண்டான். நல்லரத்தினம் அடுத்த வரிகளை வாசித்தார்.

"நித்திரையில் என் கழுத்துச் சங்கிலி உன் கையால் களவாச்சு,
விடிய என்னோட நீயும் தேடியாச்சு."

சுலோஜனா கைபேசியை எட்டிப் பார்த்தாள்.

"களவெடுத்ததைக்கூட மன்னிக்கலாம்," என்றான் றவூப். "கூட நிண்டு தேடினதுதான் துரோகம்."

"இதை ஆர் எழுதினது?" என்று மெல்லக் கேட்டாள் சுலோஜனா.

"உங்கட மகள் விதுர்ஷா. உங்களப் பார்க்க வந்து வெளியில நிக்கிறா."

வலிக்கு விழுங்கத் தொடங்கிய குளிசைக்கு அடிமையாகி இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து சுலோஜனா எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள்; அந்தச் சங்கிலியைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

எழுந்து வாசலுக்கு வந்தாள். விதுர்ஷா ஓடிவந்து தாயின் கையைப் பிடித்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும், மகள்?"

"அண்டைக்கு நான் நித்திரை கொள்ளல்லம்மா. பேசாமக் கிடந்தன்."