பார்க்கைக் காத்த பிள்ளையார்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நியூ சிங்கப்பூர் அவென்யூ குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயற்குழு சென்ற ஞாயிற்றுக்கிழமை கூடி, ஒரு திருட்டைச் செய்வது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

தலைவர் நவநீதகிருஷ்ணன், அரசாங்கத்தில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர். 'திருட்டு' என்ற சொல் அவருக்கு உறுத்தியது. 'இடமாற்றம்' என்று திருத்தினார். மற்ற இருவரும் கை தூக்கினார்கள்.

நியூ சிங்கப்பூர் என்பது ராசிபுரத்தைத் தாண்டி, நாமகிரிப்பேட்டை சாலையில், மரவள்ளிக் காட்டுக்கும் கோழிப்பண்ணைக்கும் நடுவில் இருக்கிறது. விளம்பரத்தில் 'சேலத்துக்கு மிக அருகில்' என்று போட்டிருந்தது. காவிரிக் குடிநீர் என்றும் போட்டிருந்தது, குழாய் வந்துவிட்டது. தூய்மையான காற்று என்பதையும் பொய் என்று சொல்ல முடியாது. பண்ணைப் பக்கமிருந்து காற்று வீசாத நாளாகப் பார்த்துத்தான் புரமோட்டர் நாச்சிமுத்து ஆட்களை மனை பார்க்கக் கூட்டி வருவார். மற்ற நாட்களில் குடியிருப்பவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக் கடன் கட்டுவார்கள்.

சொன்னதில் நிஜமாகவே இருந்தது பார்க் மட்டும்தான். ஒரு சிமெண்ட் பெஞ்சு, பலகை இல்லாத ஓர் ஊஞ்சல். ஆனாலும் சாயங்காலம் குழந்தைகள் ஓட அந்த இடம்தான். சங்கத்தின் செயலாளர் உஷாராணி டீச்சர், 'பார்க் பார்த்த மனை' என்பதற்காகவே நகையை விற்று அங்கே வீடு கட்டியவர். ஒரு நாள் காலையில் அவர் கதவைத் திறந்தபோது, பார்க்கின் குறுக்கே வரிசையாக மனைக்கல் நட்டிருந்தது.

நாச்சிமுத்துவிடம் கேட்டதற்கு, "சும்மா அளந்து பாத்தனுங்க" என்றார்.

சும்மா அளப்பவர் யாரும் கல்லுக்கு வெள்ளை அடிப்பதில்லை.

"கேஸ் போட்டா தீர்ப்பு வர்றதுக்குள்ள என் பொண்ணு கனிஷ்காவோட பேத்திதான் அந்த ஊஞ்சல்ல ஆடும்" என்றார் உஷாராணி.

"கேஸு எதுக்குங்க டீச்சர்?" என்றார் பொருளாளர் மணிமாறன். முட்டை வண்டி ஓட்டுகிறவர். "ஒரு பிள்ளையாரைக் கொண்டாந்து நடுவுல உக்கார வச்சுட்டா அப்பறம் எவன் கை வைப்பான்? ஆனா காசு குடுத்து வாங்கக் கூடாதுங்க. திருடி வச்ச பிள்ளையாருக்குத்தான் சக்தி."

அது ஊரறிந்த சாஸ்திரம். தணிக்கை பார்த்த தலைவராலும் ஆட்சேபணை எழுப்ப முடியவில்லை. எங்கே திருடுவது என்பதிலும் குழப்பமில்லை. கொஞ்ச தூரம் தள்ளி நாச்சிமுத்து முன்பு போட்ட பொன்மணி நகரில், வேப்பமரத்தடியில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு பிள்ளையார் இருந்தார். கதவு உண்டு. பூட்டு கிடையாது.

"அவன் பிள்ளையாரையே அவனுக்கு எதிரா உக்கார வைக்கிறோம். இதுக்குப் பேருதான் ராஜதந்திரம்" என்றார் தலைவர்.

இருட்டில் போனால் நாய் குரைக்கும் என்பதால் மத்தியானச் சீரியல் நேரத்தில் போனார்கள். தலைவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கடப்பாரையை வைத்து ஒரு நெம்பு நெம்பியதும் பிள்ளையார் பழக்கப்பட்டவர் போலப் பெயர்ந்து வந்தார். அவருக்கு அடியில் விதவிதமான நிறங்களில் பழைய சிமெண்ட் ஒட்டியிருந்தது. அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. எதிர்வீட்டு பாப்பாயி, கையில் விளக்குமாறுடன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவருக்குத் தன் பென்ஷன் கண்முன் வந்து போனது.

"பாத்துத் தூக்குங்க சாமி" என்றார் பாப்பாயி. "தும்பிக்கை ஒருக்கா உடஞ்சு ஒட்டுனதுங்க."

உள்ளே போய், சுற்றிக்கொள்ள ஒரு பழைய போர்வையும் எடுத்து வந்து கொடுத்தார்.

"ரிப்பேருக்குக் கொண்டு போறம்னு நெனச்சுக்கிச்சு, பாவம்" என்றார் மணிமாறன். முட்டை அட்டைகளுக்கு நடுவே போர்வை போர்த்திக்கொண்டு பிள்ளையார் நியூ சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலை பார்க் நடுவில் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தபோது நாச்சிமுத்து டெம்போவில் வந்து இறங்கினார்.

"நாச்சிமுத்து, இதுதான் மக்கள் சக்தி" என்றார் தலைவர், மைக் இல்லாத குறையைக் குரலால் தீர்த்துக்கொண்டு. "பிள்ளையார் உட்கார்ந்த இடத்தை இனி எவன் வாங்குவான்?"

நாச்சிமுத்து செருப்பைக் கழற்றினார். தோப்புக்கரணம் போட்டார். பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து உடைத்தார். வரும்போதே தேங்காயோடு வந்திருக்கிறாரே என்று உஷாராணிக்கு அப்போதுதான் உறைத்தது.

"வாஸ்தவந்தானுங்க சார்" என்றார் நாச்சிமுத்து. "பிள்ளையார் உக்காந்த இடத்தை ஆரும் வாங்க மாட்டாங்க. அதை ஒட்டுன இடத்தைத்தான் வாங்குவாங்க."

டெம்போ டிரைவர் ஒரு பலகையை இறக்கிக் கொண்டுவந்து ஊஞ்சல் கம்பத்தில் கட்டினார். 'கோயில் பார்த்த மனைகள். சில மட்டுமே.' எழுத்தெல்லாம் வெயிலில் வெளுத்திருந்தது. 'நியூ சிங்கப்பூர்' மட்டும் புதுப் பெயிண்ட். அதற்கு அடியில் 'பொன்மணி நகர்' மங்கலாகத் தெரிந்தது. அதற்கும் அடியில் வேறு ஏதோ ஒரு நகர்.

தலைவர் கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"பார்க் போனாப் போவுது, சாமியாச்சும் நம்மளுது" என்றார் மணிமாறன். "இங்கயே கம்பிக் கதவு போட்டுப் பூட்டிரலாமுங்க."

நாச்சிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கதவு போட்டுக்கங்க. பூட்டு மட்டும் வேண்டாமுங்க."

"ஏன்?"

"அடுத்த லேஅவுட் நாமகிரிப்பேட்டையில போடறனுங்க. அவங்க வந்து திருடோணுமில்லீங்க."